மீன் ரத்தத்தில் மார்ச் மாதம்

மார்ச் 9, ஞாயிறு

மீன் வளர்ப்புப் பயிற்சியில் சொன்னபடி நோட்டு எழுத ஆரம்பித்து இன்றோடு ஒரு வருஷம். வெயில், தீனி, செத்த மீன், மற்ற விசேஷம். சங்கத்தில் பன்னிரண்டு பேர் குளம் வைத்திருக்கிறோம். விடாமல் எழுதுகிறவன் தளவாய் ஒருத்தன்தான் என்று தலைவர் சவரிமுத்து அண்ணாச்சி போன கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சொன்னார். வீட்டுக்கு வந்து பிரமசக்தியிடம் சொன்னேன். "நோட்டு எழுதுனா மீனு வளருமா?" என்று கேட்டாள். என் மனைவிக்கு எதையும் ஒரு படி இறக்கிப் பார்த்துத்தான் பழக்கம்.

இன்று ஒரு லாரிக்காரரிடம் அறுநூறு திலேப்பியாக் குஞ்சு வாங்கினேன். சங்கம் மூலமாக வர இன்னும் ஒரு மாதம் ஆகுமாம். குளத்தில் ஏற்கெனவே இரண்டாயிரம் கிடக்கிறது, இடத்துக்குக் குறைவில்லை.

"புதுக் குஞ்சைத் தனித் தொட்டியில பத்து நாளு போட்டுப் பாக்கணும்னு சொன்னாவல்லா?" என்றாள் பிரமசக்தி.

தொட்டியில் விரிசல். நேரே குளத்தில் விட்டுவிட்டேன். குஞ்சுகள் சுறுசுறுப்பாக இருந்தன.

மார்ச் 17, திங்கள்

வெயில் ஏறிவிட்டது. பதினொரு மீன் மிதந்தது. வெயில்தான். தீனி காலை நான்கு கிலோ, மாலை மூன்று. மோட்டாருக்கு வாசர் மாற்றினேன்.

மார்ச் 19, புதன்

வாழைக்குக் குழி வெட்டினேன்.

மார்ச் 20, வியாழன்

வாழைக்குக் குழி வெட்டினேன். குளத்து மடையைத் திறந்து கால் பங்குத் தண்ணீரை வெளியேற்றிவிட்டுப் புதுத் தண்ணீர் ஏற்றினேன்.

மார்ச் 25, செவ்வாய்

மீன் தீனியை நன்றாக எடுக்கிறது. வாழை வேலை முடிந்தது.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை முதல் நாள். பிரமசக்தியின் தம்பி உச்சிமாகாளி குடும்பத்தோடு வந்து சாப்பிட்டான். மில்லை மூடியபோது கையைப் பிசைந்துகொண்டு நின்றவனை நான்தான் சங்கத்தில் சேர்த்துவிட்டேன். சங்கத்துக்குச் சொந்தமான குளத்தைக் குத்தகைக்கு வாங்கிக் கொடுத்ததும் நான்தான். என் குளத்துக்கு அடுத்தாற்போல் தாழ்வில் இருக்கிறது. என் மடைத் தண்ணீர் அவன் குளத்துக்குத்தான் போகும். மூவாயிரம் மீன் விட்டிருக்கிறான். கூடுதல் என்று சொன்னேன். "அத்தான் சொன்னா சரியாத்தான் இருக்கும். அடுத்த தடவை குறைச்சிருதேன்" என்றான்.

ஏப்ரல் 20, ஞாயிறு

கடும் வெயில். தண்ணீர் சுடுகிறது. மறுபடியும் தண்ணீர் மாற்றினேன். என் குளத்தில் சாவு இல்லை.

மே 4, ஞாயிறு

காலை ஆறரை மணிக்கு உச்சி ஓடி வந்தான். சட்டைகூடப் போடவில்லை.

"அத்தான், மீனு தட்டாமாலை சுத்துது. வந்து பாருங்க."

போய்ப் பார்த்தேன். ஏழெட்டு மீன் தலையை ஒருபக்கமாகச் சாய்த்துக்கொண்டு நின்ற இடத்திலேயே வட்டம் போட்டன. கண் வெளியே பிதுங்கி, மேலே வெள்ளை படர்ந்திருந்தது. முப்பத்தாறு செத்து ஒதுங்கிக் கிடந்தன.

"இப்பிடி எங்கயும் பாத்திருக்கியளா அத்தான்?"

இல்லை என்றேன்.

மே 6, செவ்வாய்

உச்சி குளத்தில் தொண்ணூறு. என் குளத்தில் ஒன்றுமில்லை.

மே 8, வியாழன்

சங்கக் கூட்டம். உச்சி குளத்தைப் பற்றித்தான் பேச்சு. மற்றக் குளங்களுக்கும் பரவிவிடும் என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். சவரிமுத்து அண்ணாச்சி என்னைப் பார்த்து, "தளவாய், உன் குளம் அடுத்தாப்ல இருக்கு. நீ சொல்லு, எதனால வந்துச்சு?" என்றார்.

எழுந்து நின்று சொன்னேன். இடத்துக்கு மேல் மீன் விட்டிருக்கிறான், மிச்சத் தீனி அடியில் கிடந்து அழுகுகிறது, பக்கத்துக் குளக்காரன் என்ற முறையில் எனக்கே பயமாக இருக்கிறது என்றேன். நெருக்கமாக விட்டான் என்பது உண்மைதானே.

ஜூன் ஒன்றாம் தேதிக் கூட்டத்தில் அவன் குத்தகையை ரத்து செய்து வேறு ஆளுக்குக் கொடுப்பது பற்றி முடிவெடுப்பார்களாம். உச்சி தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். கூட்டம் முடிந்ததும் என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டான்.

வீட்டில் விஷயம் எனக்கு முன்பே வந்திருந்தது. பிரமசக்தி சோற்றைப் போட்டுவிட்டு அடுப்படிக்குள் போனவள் வெளியே வரவில்லை.

மே 9, வெள்ளி

தூத்துக்குடியிலிருந்து மீன் நோய் ஆய்வுக்கூடத்து மேடம் வந்தார். பெயர் ஷாகிதா. நாற்பது வயதிருக்கும். வந்ததும் பேண்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கிவிட்டார். கரையில் ஒரு பலகையைப் போட்டு, சுற்றிக்கொண்டிருந்த மீன் ஒன்றை அறுத்தார். தலைக்குப் பின்னால், செவுளை ஒட்டி, கருஞ்சிவப்பாக ஒரு துண்டைக் கத்தி நுனியால் காட்டினார்.

"இதுதான் தலைச் சிறுநீரகம். நமக்கு எலும்புக்குள்ள ரத்தம் ஊறுது. மீனுக்கு இங்கதான். நோய் வந்தா சண்டைக்கு ஆள் எடுக்கிற இடமும் இதுதான்."

உச்சி அதைக் குனிந்து பார்த்தான். அது வீங்கி, நசநசவென்று இருந்தது.

"மீனுக்கு முதல் காவல் மேல இருக்கிற வழுவழுப்பு. அதுல கிருமியைக் கொல்ற சரக்கு இருக்கு. நீங்க வலை போட்டு இழுக்கிறப்போ அதைத்தான் உரிச்சு எடுக்குறீங்க. அதனால இனிமே வலை போடாதீங்க. அதையும் தாண்டிக் கிருமி உள்ள போனா, ரத்தத்துல அதைப் பிடிச்சு விழுங்குற செல்கள் வரும். ஆனா இந்தக் கிருமி பொல்லாதது. விழுங்கின செல்லுக்குள்ளயே சாகாமக் கிடந்து, அதையே வண்டியாக்கி மூளைக்குப் போய் இறங்கிடும். அதான் சுத்துது."

"அப்பம் மீனு என்னதான் செய்யும் மேடம்?" என்று உச்சி கேட்டான்.

"எதிர்ப்பொருள் செய்யும். இந்தக் கிருமிக்குன்னே அளவெடுத்துச் செய்ற ஆயுதம். ஆனா செஞ்சு முடிக்க மூணு நாலு வாரம் ஆகும். அதுவரைக்கும் தாக்குப்பிடிக்கிறது பிழைக்கும். நாம செய்யக்கூடியது ஒண்ணுதான். அதோட பலத்தை வீணாக்காம இருக்கணும். தீனியைப் பாதியாக்குங்க. காற்று மிஷினை நிறுத்தாதீங்க. செத்ததை உடனே எடுங்க. செத்ததைத் தின்னுதான் மத்தது நோவை வாங்குது. கடையில மருந்துப் பொடி தருவாங்க, கண்ணை மூடிட்டுக் கொட்டாதீங்க."

பிறகு என் குளத்திலும் ரத்தம் வேண்டும் என்றார். "பக்கத்துல நல்லா இருக்கிற குளம். ஒப்பிட்டுப் பாக்கணும்."

வேண்டாம் என்று சொல்ல என்னிடம் காரணம் இல்லை. பன்னிரண்டு மீனைத் தூண்டிலில் பிடித்துக் கொடுத்தேன். வால்பக்கம் ஊசி போட்டு ரத்தம் எடுத்துப் பெட்டியில் ஐஸ் போட்டு எடுத்துப் போனார்.

மே 17, சனி

மேடம் போன் செய்தார். பேசினோம். வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சினேன்.

மே 18, ஞாயிறு

உச்சி குளத்தில் நூற்றுப்பத்து என்று பிரமசக்தி சொன்னாள். தினமும் காலையில் அங்கே போய்ச் செத்த மீனை அள்ளிக் கொடுத்துவிட்டு வருகிறாள். நான் போகவில்லை. இடுப்பு வலி.

மே 19, திங்கள்

வேலி கட்டினேன். கத்தரிக்குப் பூச்சி மருந்து அடித்தேன். சைக்கிளுக்குக் காற்று அடித்தேன்.

மே 20, செவ்வாய்

மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பிரமசக்தி எதிரே வந்து உட்கார்ந்தாள். அவள் மேலெல்லாம் செத்த மீன் வாடை.

"ஆய்வுக்கூடத்துல என்ன சொன்னாவ?"

"அவங்க என்னத்தையோ சொல்லுதாங்க. இன்னும் முடிவாகல."

"மார்ச்சுல வாழைக்குக் குழி வெட்டினியளே. உரம் போடுதேன்னு சொன்னிய. மீனு நாத்தம் எனக்குத் தெரியாதா?"

கை சோற்றிலேயே நின்றுவிட்டது.

"தெரிஞ்சா ஏன் கேக்கல?"

"நீங்களாச் சொல்லுவியன்னு பாத்தேன். அன்னைக்குக் கூட்டத்துக்குப் போவும்போதும் அதான் நெனைச்சேன். சொல்லத்தான் போறிய, சொல்லிட்டு வருவியன்னு இருந்தேன்."

எழுந்து போய்விட்டாள்.

இந்த நோட்டை எடுத்து மார்ச்சிலிருந்து படித்துப் பார்த்தேன். எழுதாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன்.

மார்ச் 17-இல் பதினொன்று. 18-இல் இருபத்தாறு. 19-இல் நாற்பதுக்கு மேல். அதன் பிறகு எண்ணவில்லை. எல்லாமாக நூற்றைம்பது இருக்கும். பாதிக்கு மேல் புதுக் குஞ்சு, மற்றவை பழைய மீன். சில மீன்கள் சுற்றின. கண் பிதுங்கி இருந்தது. வாழைக்கு அடியில் புதைத்தேன். தெரிந்தால் சங்கத்தில் பேச்சு வரும், லாரிக் குஞ்சை நேரே விட்டதைக் கேட்பார்கள் என்று நினைத்தேன். ஒரு வாரத்தில் தானாக நின்றுவிட்டது. நான் செய்த ஏதோ ஒன்றால்தான் நின்றது என்று நினைத்துப் பெருமைகூடப் பட்டேன். அந்த வாரம்தான் மடையைத் திறந்தேன். ஏப்ரலிலும் திறந்தேன். எங்கே போகிறது என்று தெரிந்துதான் திறந்தேன்.

மேடம் போனில் சொன்னது இது: "உங்க மீன் ரத்தத்தை எடுத்து, உப்புத்தண்ணி விட்டு இருநூத்தி அம்பத்தாறு மடங்கு நீர்க்க வச்ச பிறகும் அது இந்தக் கிருமியைக் கட்டிப்போடுது. உச்சிமாகாளி மீனுல எட்டு மடங்கோட நின்னு போச்சு. அவர் மீன் இப்பத்தான் ஆயுதம் செய்ய ஆரம்பிச்சிருக்கு. உங்க மீன் சண்டையை முடிச்சு ரெண்டு மாசம் இருக்கும். மார்ச்சுல சாவு இருந்துச்சா?"

"வெயிலுக்குக் கொஞ்சம்."

"எத்தனை?"

"பதினொண்ணு."

பதினொன்றுதானா என்று திருப்பிக் கேட்டார். பிறகு சொன்னார்: "பிழைச்ச மீன் நோயை ஜெயிச்சிருக்கும். ஆனா சிலது கிருமியை உடம்புக்குள்ளயே வச்சுக்கிட்டுத் திரியும். தண்ணியில விட்டுக்கிட்டே இருக்கும். உங்க தண்ணி எங்க போகுது?"

சிக்னல் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாக இருந்தது.

மே 21, புதன்

காலையில் முதலில் மேடத்துக்குப் போன் செய்து கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். திட்டவில்லை. "முதல்ல அவர்கிட்ட சொல்லுங்க" என்றார்.

பதினொரு மணி வெயிலில் உச்சி இடுப்பளவு தண்ணீரில் நின்று செத்ததை அரித்துக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தான். நானும் இறங்கினேன். கரையில் நின்று சொல்லத் தெம்பில்லை. மார்ச்சில் நடந்தது, குழி, மடை, ரத்தப் பரிசோதனை எல்லாம் சொன்னேன். கூடையைப் பிடித்தபடி கேட்டான். முடித்ததும் கூடை ஒருபக்கம் சாய்ந்து செத்த மீன் மறுபடியும் தண்ணீரில் விழுந்தது.

"வந்த அன்னைக்கு இப்பிடிப் பாத்திருக்கியளான்னு கேட்டேன்."

"கேட்ட."

"இல்லைன்னிய."

"ஆமா."

"நீங்க பேசாம இருந்திருந்தாக்கூட நான் பொறுத்திருப்பேன். சங்கத்துல எந்திரிச்சு நின்னுல்ல சொன்னிய. அத்தனை பேருக்கு முன்னால. நான் தப்புப் பண்ணிட்டேன்னு நானே நம்பிட்டேன். பத்துப் பன்னெண்டு நாளா என் பெஞ்சாதிட்ட அழுதுட்டு இருக்கேன், என் புத்திகெட்ட வேலையால போச்சுன்னு."

அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் லேசாக இருந்திருக்கும். கரைக்கு ஏறிப் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டான். நான் தண்ணீரிலேயே நின்று செத்ததை அள்ளினேன். மதியம்வரை அள்ளினேன். எண்பத்தெட்டு.

மே 22, வியாழன்

காலை ஐந்தரைக்குப் போனேன். "வரவேண்டாம்" என்றான். இறங்கினேன். எழுபத்தொன்பது.

மே 23, வெள்ளி

அறுபத்து நான்கு. பேச்சு இல்லை. சுண்ணாம்பு கரைத்து விட்டோம்.

மே 26, திங்கள்

முப்பத்தொன்று. அவன் காற்று மிஷினில் பெல்ட் அறுந்துவிட்டது. என் மிஷினைக் கழற்றி அங்கே மாட்டினேன். பிரமசக்தி எங்கள் இருவருக்கும் ஒரே தூக்குவாளியில் கூழ் கொண்டுவந்தாள். அவன் குடித்துவிட்டு வாளியைத் தரையில் வைத்தான், நான் எடுத்துக்கொண்டேன்.

மே 30, வெள்ளி

மூன்று. மேடம் சொன்ன மூன்று நான்கு வாரக் கணக்கு சரிதான். பிழைத்தவை ஆயுதம் செய்து முடித்துவிட்டன போல. மூவாயிரத்தில் எழுநூறுதான் மிச்சம்.

ஜூன் 1, ஞாயிறு

கூட்டம். குத்தகை விஷயம் எடுப்பதற்கு முன் நான் எழுந்தேன். நோட்டைக் கையில் வைத்திருந்தேன். மே 20-ஆம் தேதிப் பக்கத்தை அப்படியே வாசித்தேன். வேறு விதமாகச் சொன்னால் நடுவில் எங்கேயாவது வளைத்துவிடுவேன் என்று பயம்.

நோட்டை மூடினேன். பிறகு எல்லாரும் பேசினார்கள். "சொந்த மச்சினனையே மாட்டிவிட்டுட்டானே" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சவரிமுத்து அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். விடாமல் நோட்டு எழுதுகிறவன் என்று என்னைப் பாராட்டியது அவர்தான்.

முடிவு: உச்சியின் குத்தகை அவனுக்கே. இந்தப் பருவம் சங்கத்துக் குஞ்சு எனக்குக் கிடையாது, என் பங்கும் அவனுக்கு. மேடம் சொல்லும்வரை என் மடையைத் திறக்கக் கூடாது. சரி என்றேன்.

வெளியே வந்ததும் உச்சியிடம், "பழைய மீன் கிருமியை வச்சிருக்கும். புதுக் குஞ்சை நேரே விட்டா அதுவும் போயிரும். மேடம் உன் குளத்துக் கிருமியையே எடுத்துக் கொன்னு தடுப்பூசி செய்யுதாங்க, சோதனை முறையில, அனுமதி வாங்கியாச்சாம். ஊசி போட்டு ஒரு மாசம் தனியா வச்சிருக்கணும். என் தொட்டிக்குக் கூரை இருக்கு" என்றேன்.

"உங்க தொட்டி வேண்டாம்."

பிரமசக்தி குறுக்கே வந்தாள். "தொட்டி எங்க அப்பா குடுத்த எடத்துல இருக்குல. எனக்குச் சொந்தம். நான் தாரேன்."

ஜூன் 2, திங்கள்

தொட்டி விரிசலைக் கொத்திச் சிமெண்ட் பூசினேன். மார்ச்சில் செய்திருந்தால் அரைநாள் வேலை.

ஜூன் 14, சனி

இந்த நாளை நன்றாக எழுதிவைக்க வேண்டும்.

சங்கத்திலிருந்து உச்சிக்கு வந்தது எழுநூற்றிரண்டு குஞ்சு. பத்து நாளாகத் தொட்டியில் ஒன்றுகூடச் சாகவில்லை. நேற்று தீனி போடவில்லை. கிராம்பு எண்ணெய் கலந்த தண்ணீரில் இருபது இருபதாக விட்டால் இரண்டு நிமிஷத்தில் மயங்கிச் சாய்கின்றன. எடுத்து மல்லாத்தி, வயிற்றுத் துடுப்புக்குக் கொஞ்சம் பின்னால் ஊசி. பிறகு நல்ல தண்ணீரில் விட்டால் எழுந்து நீந்திவிடும். மேடம் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், உச்சி ஒரு பக்கம். பிரமசக்தி மயங்கியதை எடுத்துக் கொடுத்தாள்.

"செத்த கிருமியைப் போட்டா அதுக்கு எப்பிடித் தெரியும், இது எதிரின்னு?" என்று பிரமசக்தி கேட்டாள்.

"கிருமியோட மேல்தோல் அப்படியே இருக்கும்மா. உயிர்தான் இல்ல. ஆள் முகத்தைக் காட்டி வைக்கிற மாதிரி. நாளைக்கு நிஜமா வந்தா சட்டுன்னு அடையாளம் கண்டுக்கும்."

முதல் இருபதில் இரண்டைக் கொன்றுவிட்டேன். ஊசி குடலில் ஏறிவிட்டது. உச்சி தன் வேலையை நிறுத்தாமலே, "ஊசியைச் சாய்ச்சுப் பிடிங்க. தலைப்பக்கம் பாத்து" என்றான். வேண்டாம் என்றதைத் தவிர, இருபத்து நான்கு நாளில் அவனாக என்னிடம் பேசிய முதல் பேச்சு. சாய்த்துப் பிடித்தேன். அதன்பின் ஒன்றும் சாகவில்லை.

நூறு குஞ்சுக்கு மட்டும் ஊசி போடவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமாம். அவற்றை வலைத் தடுப்புக்குள் வைத்தோம். "அதுங்க பாவம்லா" என்றாள் பிரமசக்தி. மேடம் வலைத் தடுப்பின் முடிச்சை இழுத்துப் பார்த்தார்.

நான்கு மணிக்கு முடிந்தது. கட்டைவிரல் மடக்க வரவில்லை.

ஜூன் 27, வெள்ளி

தொட்டி சுத்தம். தீனி. ஒன்றும் விசேஷம் இல்லை.

ஜூலை 12, சனி

மேடம் ரத்தம் எடுத்துத் தூத்துக்குடிக்குப் போகாமல், சாமான்களை இங்கேயே கொண்டுவந்து எங்கள் முன்னால் பார்த்தார். குட்டிக் குட்டிக் குழிகள் உள்ள கண்ணாடி மாதிரியான தட்டு. ஒவ்வொரு குழியிலும் மீன் ரத்தத்தின் தெளிந்த நீர், அதில் செத்த கிருமி கலந்த பால் மாதிரி ஒரு சொட்டு. மத்தியானம்வரை காத்திருந்தோம்.

"ஊசி போடாத மீனைப் பாருங்க. கிருமி அப்படியே நடுவுல புள்ளியா உக்காந்துடுச்சு. யாரும் பிடிக்கல. இது ஊசி போட்டது."

குழியின் அடியில் புள்ளி இல்லை. மெல்லிசாக வலை விரித்தது போல வெள்ளையாகப் பரவி நின்றது. ஒரு கிருமியோடு ஒரு கிருமியைக் கோத்துக் கட்டியிருக்கிறதாம்.

உச்சி தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தான். "இவ்வளவு நாளும் இதுவா உள்ள நடந்துச்சு" என்றான். யாரிடம் சொன்னான் என்று தெரியவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

அறுநூறையும் உச்சி குளத்தில் விட்டோம். ஊசி போடாத நூறும் அதே குளத்தில், வலைத் தடுப்புக்குள்.

ஜூலை 29, செவ்வாய்

காற்று நின்று நான்கு நாள் புழுக்கம். தடுப்புக்குள் இரண்டு சுற்றின.

ஜூலை 31, வியாழன்

தடுப்புக்குள் ஏழு. வெளியே, ஊசி போட்டதில் மூன்று செத்துவிட்டன.

உச்சி கடையிலிருந்து மருந்துப் பொடி இரண்டு பை வாங்கி வந்துவிட்டான். முகம் வெளிறிக் கிடந்தது. மேடத்துக்குப் போன் அடித்தால் எடுக்கவில்லை.

"ஊசி போட்டதும் சாவுதே. என்ன செய்ய, அத்தான்?"

"அறுநூறுல மூணு. நூறுல ஏழு. அதைப் பாரு."

"நாளைக்கு மூணு முந்நூறு ஆச்சுன்னா?"

"ஆகாதுன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. உன் குளம். கொட்டணும்னா நானே கரைச்சுத் தாரேன். ஆனா என் புத்திக்குப் பட்டதைக் கேட்டா, அதுங்க சண்டை போடுது. நாம தீனியைக் குறைச்சுக் காத்தைக் குடுப்போம்."

பையைப் பிடித்துக்கொண்டே கரையில் ஒரு சுற்று நடந்தான். பிறகு சைக்கிளில் வைத்துக் கட்டி, கடையில் திருப்பிக் கொடுக்கப் போய்விட்டான். மேடம் மாலையில் கூப்பிட்டார். சரியாகத்தான் செய்தீர்கள் என்றார்.

ஆகஸ்ட் 4, திங்கள்

தடுப்புக்குள் ஆறு. வெளியே இரண்டு.

ஆகஸ்ட் 8, வெள்ளி

தடுப்புக்குள் நான்கு. வெளியே இல்லை.

ஆகஸ்ட் 13, புதன்

மூன்று நாளாக இரண்டிலும் இல்லை. ஊசி போடாத நூறில் நாற்பத்து மூன்று போனது. போட்ட அறுநூறில் பதினொன்று.

கரையில் உட்கார்ந்திருந்தோம். "நான் இன்னும் அதை மறக்கல, தெரியும்லா?" என்றான் உச்சி.

"மறக்க வேண்டாம்."

மிஷினுக்கு கிரீஸ் போட்டோம்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

காலையில் மேல்கரைக் குளத்து இசக்கிப்பாண்டி வந்தார். சங்கத்தில் எங்களுக்கெல்லாம் மூத்தவர். வாசலில் நின்றபடியே, உள்ளே வரமாட்டேன் என்றார். உச்சியும் இங்கேதான் இருந்தான், பெல்ட் வாங்க வந்திருந்தான்.

"தளவாய், ஒரு நடை வந்து பாத்துட்டுப் போ. நேத்தும் இன்னைக்குமா நாப்பத்திரெண்டு. கண்ணு பிதுங்கி இருக்கு." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "யாருட்டயும் சொல்லிராத. நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும்."

"பாக்க வாரேன் அண்ணாச்சி. ஆனா உங்களுக்குக் கீழே ரெண்டு குளம் இருக்கு. முதல்ல அந்த ரெண்டு பேருக்கும் நீங்க போன் போடுங்க."

"பாத்துட்டுச் சொல்லுவோமே. ஒண்ணுமில்லாம இருந்தா?"

"ஒண்ணுமில்லைன்னா நல்லதுதான், சிரிச்சுட்டுப் போவாங்க. இப்பமே போடுங்க. என்ன சொல்லணும்னு வராட்டி நான் பக்கத்துல நிக்கேன்."

அவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு என்னையும் உச்சியையும் மாறி மாறிப் பார்த்தார். உச்சி ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அவர் பக்கத்தில் போட்டான். அவர் உட்கார்ந்தார். நம்பரை அழுத்த இரண்டு தடவை தப்பு வந்தது. மூன்றாம் தடவை மணி போயிற்று.

மதியம் மூன்று பேரும் அங்கே இறங்கிச் செத்ததை அள்ளினோம். மேடம் நாளை வருகிறார்.

இன்றைய கணக்கு. இசக்கிப்பாண்டி அண்ணாச்சி குளம்: நேற்றும் இன்றுமாக நாற்பத்திரண்டு, பிறகு மாலையில் ஒன்பது. உச்சி குளம்: இல்லை. என் குளம்: மூன்று. எதனால் என்று தெரியவில்லை. எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன்.